பின்கதவு ரப்பரும் பாதி மாத்திரைகளும்

அன்புள்ள வாலுவுக்கு,

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் முதலில் போய்க் காரின் பின்கதவைத் திறந்து, நீ உட்காருகிற பக்கத்துத் தரைவிரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். இரவெல்லாம் மழை. விரிப்பு காய்ந்திருந்தது. நம்பாமல் அடியில் விரலை விட்டும் பார்த்தேன், தூசிதான் ஒட்டியது. அந்த மகிழ்ச்சியோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே இங்கே எல்லோரும் நலம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும், அதுவும் போனில் சொல்வதுபோல் "ம், இருக்கேம்மா" என்று இல்லாமல், என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், அந்த இருமல் போய்விட்டதா என்று விவரமாக. அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறார், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த முனகலும் இல்லை. எங்கள் ஆய்வகத்தை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டு பஸ் மாறிப் போகிறேன். பஸ்ஸில் புத்தகம் படிக்கலாம் என்று முதலில் என்னை நானே தேற்றிக்கொண்டேன், கம்பியைப் பிடிக்கவே இரண்டு கை போதவில்லை.

கார் விஷயத்தைப் போனில் உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். போன மழையிலிருந்தே உள்ளே ஈரத்துணி நாற்றம். பின்பக்கம் காலை வைத்தால் சொதசொதவென்று இருந்தது. அப்பா இப்போது அலுவலக வேனில் போகிறார், வாரத்தில் ஒருநாள்கூடக் காரை எடுப்பதில்லை, "இனிமே நமக்கு எதுக்குக் காரு, நின்ன இடத்துலயே அழுகிப் போகுது" என்று சொல்லி, அவருடைய சிநேகிதர், நீ சுருட்டை மாமா என்று கூப்பிடுவாயே, அவரிடம் விலை பேசிவிட்டார். மாமா நாளை வந்து பார்க்கிறார், பிடித்திருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தக் கார் போனால் நம் வீட்டுக்கு இன்னொரு கார் வரப்போவதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா என்னிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார், காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது. நான் ம் என்றேன். அந்த ம் சம்மதமா இல்லையா என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

ஆனால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது மட்டும் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கதவு மூடியிருக்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, மேலே கூரை இருக்கிறது, பிறகு எப்படி? அப்பாவைக் கேட்டால் அதைத்தான் அவர் போன மாதமே கண்டுபிடித்து முடித்துவிட்டாராம். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தனவாம், தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் ஏறியிருக்கும் என்று குளியலறைக்கு வாங்கிவைத்த சிலிகான் பசையால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டாராம். அப்படியானால் அடைத்த பிறகு ஏன் இன்னும் அதிகமாக வருகிறது என்று கேட்டேன். காருக்கு வயசாயிடுச்சு என்றார். மனிதர்களைப் பற்றியும் அவர் இப்படித்தான் சொல்லி முடித்துவிடுவார், உனக்குத் தெரியாததா.

போன சனிக்கிழமை நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்தேன், அப்பாவை வெளியே ஹோஸோடு நிற்க வைத்தேன். அவர் தண்ணீரை அடித்துக்கொண்டு "வருதா, வருதா" என்று கேட்க, நான் உள்ளே இருந்து இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று சொல்ல, எதிர்வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாரா என்று விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் உன் பக்கத்துக் கதவு ஓரத்தில், இருக்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சட்டத்தைச் சுற்றி ஓடுகிற கறுப்பு ரப்பர் கிழிந்திருந்த இடத்தில், ஒரு தண்ணீர் முத்து வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, அப்பாவிடம் சொல்லக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கலாம் என்று கதவைத் திறந்தபோதுதான் அடுத்த வேடிக்கை. கதவுக்குள்ளே பாதி நிறைந்த குடத்தைத் தூக்கினால் கேட்குமே, அந்தச் சத்தம். அந்த ஓட்டைகள் தண்ணீர் உள்ளே வருகிற வழியில்லை, கண்ணாடி இடுக்கில் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போகிற வழி. அவற்றை அடைத்துவிட்டதால் கதவே தொட்டியாகி, நிறைந்து, முன்பு கொஞ்சமாகக் கசிந்த அதே ரப்பர் கிழிசல் வழியாக உள்ளே வழிந்திருக்கிறது. தலையிலிருந்த கொண்டை ஊசியைக் கழற்றி ஒரு ஓட்டையைக் குத்தினேன், அத்தனையும் அப்பாவின் செருப்பில் கொட்டியது. அவர் செருப்பைக் கழற்றி உதறினார். அப்புறம், "ஓட்டைன்னா அடைக்கணும்னுதானே எவனும் நினைப்பான்" என்றார். நான் சிரிக்கவில்லை, சமையலறைக்கு வந்துதான் சிரித்தேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, எனக்கு ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த ரப்பர் உள்ளே குழாய்போல் வெற்றாக இருக்கும், காற்றுப் போகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். அப்படி ஒரு துளைதான் பெரிதாகிப் பெரிதாகிக் கிழிசல் ஆகியிருக்கிறது. ஓரங்கள் வெயிலில் வெடித்ததுபோல் இல்லை, நகத்தால் நிமிண்டியதுபோல் வழவழவென்று தேய்ந்திருந்தன. உள்ளே என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. கிளறினேன். வெள்ளையாகக் கூழும் கட்டியுமாக வந்தது. அப்பா பார்த்துவிட்டு, காருக்குக்கூடப் பல் சொத்தையாகுது பார் என்றார். இன்னும் மேலே குழாயை அமுக்கித் தள்ளியபோது ஈரம் படாதவை முழுசாக வந்தன. முழுசாக என்றால் பாதிப் பாதியாக. ஒரு பக்கம் சரிவாக, என் தையல் கத்தரிக்கோலால் கோணலாக வெட்டிய பாதிகள். வண்டியில் போனால் உனக்கு வாந்தி வருமே, புறப்படும் முன் நான் கையில் கொடுப்பேனே, அந்த மாத்திரை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்புவேன். திரும்புவதற்குள் நீ ஆ என்று வாயைத் திறந்து காட்டுவாய். எவ்வளவு சமர்த்து என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அடி வாலு, ஒன்றைக்கூட நீ முழுங்கவில்லையா?

அவற்றைக் கழுவாமல் ஒரு பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அப்பாவுக்குச் சொல்லவில்லை. நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கசக்கும் என்று ஒளித்தாயா, அல்லது வேறு ஏதாவதா? நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் இந்தக் காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், நன்றாகவே ஓட்டினேன், உனக்கு நினைவிருக்க வழியில்லை. நீ கொஞ்சம் வளர்ந்ததும் வாந்தி ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டே உன்னைப் பார்க்க முடியாது, ஆகவே அப்பா ஓட்டட்டும், நான் பின்னால் உன்னோடு உட்காருகிறேன் என்று ஆனது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அப்படியே பழகிவிட்டது. முன்னிருக்கை அவருடையது, பின்னிருக்கை நம்முடையது. நீ என் மடியில் தலைவைத்துக்கொள்வாய், நான் ஒரு கையில் பிளாஸ்டிக் பை வைத்துக்கொண்டு உனக்கு ஏதாவது கதை அளந்துகொண்டே வருவேன். மாத்திரை வேலை செய்திருந்தால் நான் முன்னால் போயிருப்பேன். அது அந்த வயதில் உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் செய்தாய் என்றால் எனக்கு வருத்தம் இல்லை, ஆச்சரியம்தான். ஒரு சின்னப் பெண் வாந்தியை விலையாகக் கொடுத்து அம்மாவை வாங்கியிருக்கிறாள் என்றால் அவள் யார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. வெறும் கசப்புத்தான் காரணம் என்றால் அதையும் எழுது, நான் ஒன்றும் இடிந்துபோக மாட்டேன்.

ரப்பரைச் சரிசெய்தது தனிக் கதை. கிழிந்த இடத்தில் ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுத்தேன், அதன் வெட்டுமுகத்தைக் குளியல் சோப்பில் அழுத்திப் பதித்து உதிரிபாகக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாவிக்கு அச்சு எடுக்கிற திருடன்தான் இப்பிடி வருவான், பீடிங் வாங்க வந்த மொத ஆள் நீங்கதான்கா" என்றார். அவர்கள் மொழியில் கதவு ரப்பருக்குப் பெயர் பீடிங். முழுச் சுருளாகத்தான் விற்போம் என்று பிகு பண்ணி, பிறகு ஒரு சுருளின் வால் துண்டைத் தேடிக் கொடுத்தார். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, இரண்டு முனைக்குள்ளும் போகிற மாதிரி மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் கொடுத்து ஒட்டினேன். முதல் தடவை அவசரப்பட்டுவிட்டேன், பசை ஈரமாக இருக்கும்போதே வைத்துவிட்டதால் துண்டு வழுக்கி நகர்ந்து போனது. இரண்டு பக்கமும் தடவிவிட்டு, விரலை வைத்தால் பிடித்திழுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது, அந்தப் பதம் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் பெரிய வேலை. பிறகு நடுவில் எண்ணெய்த்தாள் வைத்துக் கதவை மூடி மறுநாள்வரை திறக்கவில்லை. சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு அது பிடித்துப்போய் வீட்டிலுள்ள எல்லாக் கதவிலும் காகிதம் வைத்து இழுத்துவிட்டார், பிரிட்ஜ் கதவு தோற்றுவிட்டது. ஓட்டைகளில் இருந்த சிலிகானையும் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார், முழங்கால் வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல் ஆகிவிட்டது. நாற்றம் போய் ஒழுகல் நின்றதும் அப்பா, "இப்ப சுருட்டைகிட்ட தலை நிமிர்ந்து குடுக்கலாம்" என்று உற்சாகமாக இருக்கிறார். விற்பதற்கு நானே பாதி வேலையைச் செய்து கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. நேற்று விரிப்பு காய வேண்டும் என்று காரை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நானே சாவியை எடுத்து உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் தள்ளிக்கொண்டேன், கண்ணாடியை எனக்காகத் திருப்பிக்கொண்டேன். கிளட்சை விடும்போது இரண்டு தடவை குதித்து நின்றது, அடுத்த தடவை ஒழுங்காக நகர்ந்தது. வெயில் இருந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு இருக்கையையும் கண்ணாடியையும் அப்பாவின் அளவுக்கே வைத்துவிட்டு இறங்கினேன். ஏன் அப்படி வைத்தேன் என்று இரவு முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அறை ஜன்னல் வழியாகக் குளிர் வருகிறது என்றாயே, காகிதத்தை வைத்து இழுத்துப் பார், எந்தப் பக்கம் சுலபமாக வருகிறதோ அங்கே ஒட்டுநாடா வாங்கி ஒட்டு, துடைத்துவிட்டு ஒட்டு. ராத்திரி தலையைத் துவட்டாமல் படுக்காதே. எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, சிரித்த முகமாக இருக்க வேண்டும், அதற்கு என் ஆசி எப்போதும் உண்டு. மாத்திரைக்குப் பதில் எழுத மறக்காதே, அதைத் தனித் தாளில் எழுது, அப்பா உன் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பார்.

என் லைசென்ஸ் இன்னும் செல்லும், தேதியை எடுத்துப் பார்த்துவிட்டேன். இன்று காலை விரிப்பைத் தொட்டுப் பார்த்த கையோடு ஓட்டுநர் இருக்கையை மறுபடியும் என் அளவுக்கு முன்னால் தள்ளி வைத்தேன், அது அப்படியேதான் இருக்கிறது. நாளை சுருட்டை மாமா வரும்போது கார் வாசலில் இருக்காது, நான் அதில் ஆய்வகம்வரை போய் வழியைப் பழகிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து, விற்கவில்லை என்று அவரிடம் நானே சொல்லிக்கொள்வேன். அப்பாவுக்கும் அப்போதுதான் தெரியும். நீ ஊருக்கு வருகிற அன்று உன்னை அழைத்துப் போக நான்தான் வருவேன். நீ முன்னால் உட்கார வேண்டும்.

உன்னை மடியில் வைத்துக்கொண்டு வந்த
அம்மா