டெலிபோன் பெரியம்மா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் இழுப்பறையில் போட்டுவிடாதே. இன்று திங்கள். புதன்கிழமை உன் கையில் கிடைக்கும் என்று கூரியர்காரர் உறுதி சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரியம்மாவுக்கு அறுவை சிகிச்சை.

குடலில் கட்டி. எழுபத்தாறு வயது இதயம் மயக்க மருந்தைத் தாங்குமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "பாதிக்குப் பாதிதாம்மா" என்றார். செய்யாமல் விட்டால் பத்து நாள் என்பதையும் அவரே சொன்னார். பெரியம்மாவுக்கு இரண்டும் தெரியும். "அவன்கிட்ட சொல்லாத, பதறிப்போவான்" என்கிறார். இதோ, சொல்லிவிட்டேன்.

தலை வாரிவிடும்போது வலது காதுக்கு மேலே இருக்கும் பள்ளத்தைப் பார்த்து, பழைய காயமா என்று நர்ஸ் கேட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தினமும் மாட்டிய ஹெட்செட் அழுத்திய தடம். "முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ம்மா. ஆபீஸ்ல குடுத்த ஒரே மெடல் இதுதான்" என்றார் பெரியம்மா.

அம்மாவும் போனபோது எனக்கு ஒன்பது வயது, உனக்கு நான்கு. யாருக்கும் பிடிக்காத காலை ஆறு மணி ஷிப்டைப் பெரியம்மா நிரந்தரமாகக் கேட்டு வாங்கினார். உன்னைப் பள்ளிக்குக் கிளப்புவது என் வேலை. நாம் திரும்பும்போது கதவைத் திறந்து வைத்திருப்பது அவர் வேலை. கேபிள் பிரிவு சூப்பர்வைசர் அவரைப் பெண் கேட்டு வந்தபோது, "லைன் பிஸி" என்று அனுப்பிவிட்டார். அவருடைய தோழிகள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எதிர்முனையில் போனை வைக்கும்வரை ஆபரேட்டர் வைக்கக் கூடாது என்பது அவர் தொழில் விதி. வீட்டிலும் அதே விதிதான். நீ விடுதியிலிருந்து பேசிய நாட்களில், "நீ வைடா", "நீங்க வைங்க" என்றே ஐந்து நிமிடம் போகும். கடைசியில் நீதான் வைப்பாய்.

அதனால்தான் நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது உன்னை அப்படி அறுத்தது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு போனில் சொன்னாய். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றார் பெரியம்மா. "நீங்க என்னைப் பெத்தீங்களா, கேக்கறதுக்கு?" என்றாய் நீ. இணைப்பு அறுந்தது. "பெரியம்மாவே கட் பண்ணிட்டாங்க. இனி எனக்கு அங்க யாரு இருக்கா?" என்று மறுநாள் எழுதினாய். அதற்குப் பிறகு எங்கள் எந்த அழைப்பையும் நீ எடுக்கவில்லை.

தம்பி, துண்டித்தது நான்.

அவர் பின்னால் நின்று, ரிசீவரோடு காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் வார்த்தை பொறுக்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, மேஜை போனின் பொத்தானை அமுக்கி லைனை வெட்டிவிட்டேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "அவன் இன்னும் முடிக்கலையேடி" என்றார்.

உடனே உனக்கு எழுதுகிறேன் என்றேன். தடுத்துவிட்டார். "நீதான் கட் பண்ணினேன்னு தெரிஞ்சா உங்க ரெண்டு பேருக்குள்ளயும் உறவு போயிடும். என்மேல கோவமாவே இருக்கட்டும், நான் தாங்குவேன்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. அவர் பின்னால் நான்கு வருடம் ஒளிந்துகொண்டேன். இதற்கு மேல் அதை நியாயப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை நர்ஸ் படிவம் கொண்டுவந்தாள். கல்யாணம் ஆனவரா என்று கேட்டாள். இல்லை என்றார். அடுத்து இருந்த பிள்ளைகள் பற்றிய கேள்வியை அவளே கோடு போட்டு அடிக்கப் போனாள். "அத ஏன் அடிக்கற? பிள்ளைங்க ரெண்டு. மூத்தவ இதோ நிக்கறா. சின்னவன் வேலையா இருக்கான், வருவான்" என்றார். அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கிப் போனாள்.

வியாழன் முழுவதும் போனுடன் அவர் கட்டில் பக்கத்திலேயே இருப்பேன். வர முடிந்தால் வா. முடியாவிட்டால் மாலைக்குள் பேசு. மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். சாப்பிட்டீங்களா என்று கேட்டாலே போதும். என்னைத் திட்டுவதை வெள்ளிக்குப் பிறகு வைத்துக்கொள்.

நீயும் உன் மனைவியும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். தினமும் விளக்கை அணைக்கும்முன் பெரியம்மா சொல்வது இது. நான் எழுத மட்டுமே செய்கிறேன்.

உன் அக்கா