சுவரோரப் பை

ஜூலை 8, 2025, செவ்வாய்
பாகலூர் அருகே சென்னம்மாவின் நிலத்தில் ஐந்து இடங்களில் மண் எடுத்துத் தனித்தனிப் பைகளில் போட்டேன். பக்கத்துக் கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்குகிறார்கள். எங்கள் லேபுக்கு இந்த வேலையைக் கொடுத்ததும் அவர்கள்தான். கொட்டகைச் சுவரை ஒட்டிக் கீரைப்பாத்தி. மருமகள் வினோதா, ஏழு மாதக் கர்ப்பிணி, கீரை பறித்துக்கொண்டிருந்தாள். "தெனமும் இந்தக் கீரதாங்க்கா."

ஜூலை 11
நான்கு பைகளில் காரீயம் கிலோவுக்கு முப்பது மில்லிகிராமுக்குள். சுவரோரப் பையில் 1,140. மெஷினைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். 1,152.

ஜூலை 12
மேனேஜர் நாராயணப்பன் கூப்பிட்டார். "அஞ்சையும் கலந்து ஒரே சாம்பிளா போட்ரு நாஸியா. சராசரி கம்மியா வரும். அதுவும் ஒரு முறைதான?"
முறைதான். பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.
பொய் இல்லையா?

ஜூலை 16
சென்னம்மா போனில். "மண்ணு நல்லாருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சாமா! நீ நல்லா இருக்கணும் கண்ணு."

ஜூலை 17
லேபில் ஐந்து எண்களையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு
நேரில் போய், ஐந்து எண்களையும் தனித்தனியாக எழுதிக் காட்டினேன். இனி அந்தக் கீரை வேண்டாம், வினோதாவுக்கு ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டும் என்றேன். வினோதா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப எம்புள்ளைக்கு?"
தெரியவில்லை என்றேன்.
சென்னம்மா கத்தினாள்: "கையெழுத்துப் போடறப்ப இது தெரியாதா உனக்கு?"
தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன் — யா அல்லா, என்ன காரியம் பண்ணிட்டேன்!

ஜூலை 22
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஐந்து எண்களையும் கொடுத்தேன். அந்த ரிப்போர்ட்டில் இருப்பது முழு உண்மை இல்லை என்றும் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமே நாராயணப்பன்: "நாளைலேர்ந்து வர வேணாம்."

ஆகஸ்ட் 4
வினோதாவின் ரத்தத்தில் காரீயம் இருக்கிறது. இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். சேதி அவள் அனுப்பியது. சென்னம்மா என் போனை எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 21
அதிகாரிகள் கொட்டகைக்குச் சீல் வைத்தார்களாம். சந்தோஷம் வரவில்லை.

செப்டம்பர் 19
காலையில் சென்னம்மாவே அழைத்தாள். பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ.
"கொழந்தைக்கும் ரத்தம் எடுத்துருக்காங்க. நாளைக்கி பேப்பர் தர்றாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ வந்து பாத்து, உள்ளத உள்ளபடி சொல்லு."
மன்னித்ததாகச் சொல்லவில்லை. நாளை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கச் சொன்னாள்.