நடக்காத இருபத்தேழு வெற்றிகள்

அக்டோபர் 8

காலையில் ஏணி போட்டு, கூரைக் குழாயில் அடைத்திருந்த மேப்பிள் இலைகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது போன். டில்டன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர், பிரெண்ட் ஹாலோவே. அரிசோனாவிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்தக் குளிர்காலத்தில் நூறு வயதாம். வரலாறு எழுத ஆள் வேண்டுமாம்.

"அத்தனை வருஷம் ரேடியோல மேட்ச் சொன்னவரு நீங்க. உங்களை விட்டா யாரு இருக்கா, வெண்டல் சார்?"

யாரும் இல்லைதான். மற்றவர்கள் செத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 11

நூறு வருடத்தையும் மேலோட்டமாகப் புரட்டியாகிவிட்டது. சுருக்கம்: தோற்றோம். போர்க்காலத்தில் ஒரு வருடம் ஆள் சேராமல் ஆடவே இல்லை. தோற்காத வருடம் அது ஒன்றுதான்.

அணிக்குப் பெயர் முள்ளம்பன்றிகள். இண்டியானாவில் முள்ளம்பன்றியே கிடையாது. யார் வைத்த பெயர் என்று இன்றுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 15

பிரெண்ட் அலுவலகம். நாற்காலி நன்றாக இருந்தது. பேச்சு நன்றாக இல்லை.

"87-88 சீசன் மட்டும் வேண்டாம் சார். அதிகாரபூர்வமா அது நடக்கல."

நடக்கவில்லையா! நாங்கள் கோப்பை வென்ற ஒரே வருடம். இருபத்தேழு ஆட்டம் ஜெயித்தோம். ஊரே தெருவில் நின்று கூத்தாடியது, பாதிரியார் உட்பட. இரண்டு வருடம் கழித்து கல்லூரி விளையாட்டுச் சங்கம் விசாரித்தது. நட்சத்திர ஆட்டக்காரன் டெல்ராய் பிக்கெட் ஒரு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டதால் ஆடுவதற்குத் தேவையான பாடப்புள்ளி குறைந்துவிட்டது, அதன்பிறகு அவன் ஆடத் தகுதியில்லாதவன் என்று சொல்லி அத்தனை வெற்றியையும் துடைத்துவிட்டார்கள். அரங்கத்தின் கூரையிலிருந்து கோப்பைக் கொடியையும் இறக்கினார்கள். கொக்கி மட்டும் இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்ற ஏணி எட்டவில்லையாம்.

அது என்ன வகுப்பு? மண்பாண்டம். பானை செய்யும் வகுப்பு! ஒரு பானைக்காக ஒரு கோப்பை போயிற்று.

அக்டோபர் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. யார் அவனை விடச் சொன்னது என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன். எனக்கே எழுதும்போது கை கூசுகிறது பார்.

அந்த சீசனின் முதல் ஆட்டம். பானை வகுப்பிலிருந்து டெல்ராய் தாமதமாக ஓடி வந்தான், கையெல்லாம் களிமண். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் ரேடியோவில் கோச் கேலார்ட் ஸ்டாமிடம் கேட்டேன்: "பையன் ஏன் லேட்டு, கோச்?"

"பானை வனைஞ்சிக்கிட்டு இருந்தான்யா! நாளைக்குக் காலையில நானே ஆபீசுக்குப் போய் அந்தக் கிளாஸ்ல இருந்து அவன் பேரை அடிச்சிட்டு வரேன், பாரு!"

ஊரே கேட்டது. ஊரே சிரித்தது. விசாரணை வந்தபோது ஊருக்கே மறதி நோய். நான் மட்டும் போய்ச் சொன்னேன், எடுபடவில்லை. அடுத்த வாரமே ரேடியோ நிலையத்தில் என்னை விடியற்காலை பன்றி விலை நிலவரம் வாசிக்கப் போட்டார்கள். ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஒலிநாடா? அதன்மேல் தேவாலயப் பாட்டுக்குழுவைப் பதிவு செய்துவிட்டார்களாம்.

இப்போது அரங்கத்துக்கு ஸ்டாம் பெயர். டெல்ராய்க்கு "கோப்பையைத் தொலைத்தவன்" என்ற பெயர்.

அக்டோபர் 23

டெல்ராய் வந்தான். குளிர் தொடங்குமுன் எல்லார் வீட்டு ஃபர்னஸையும், அதாவது வீட்டைச் சூடாக்கும் அடுப்பை, சரிபார்ப்பவன் அவன்தான். இந்த ஊரில் அவன் இறங்காத நிலவறை இல்லை. அரங்கத்துக்குள் மட்டும் அன்றிலிருந்து காலே வைத்ததில்லை.

நூற்றாண்டு விழாவைப் பற்றிச் சொன்னேன். பழைய அணிகள் எல்லாம் நடு மைதானத்துக்கு வந்து நிற்பார்கள் என்றேன்.

"எங்களைக் கூப்பிட மாட்டாங்களே. நாங்கதான் ஆடவே இல்லையே."

"கூப்பிட்டா வருவியா?"

ஃபில்டரைத் தட்டித் தூசியை என் தரையிலேயே கொட்டினான். "புத்தகத்துல உண்மைய எழுது. யாரு என் பேரை அடிச்சாங்கன்னு. அப்புறம் வரேன்."

"இத்தனை வருஷம் நீயே ஏன் சொல்லல?"

"கோச் வந்து அழுதாருய்யா. 'நீ படிப்ப முடிச்சிட்டே, உனக்கென்ன? நான் மாட்டுனா டீமையே இழுத்து மூடிருவாங்க'ன்னாரு. சரின்னேன். ஒரு வருஷத்துல ஊரு மறந்துடும்னு நெனச்சேன். எங்க பொண்ணு அஞ்சாங்கிளாஸ் படிக்கிறப்ப அவளைக் கேட்டிருக்கான் ஒருத்தன், உங்கப்பன்தானே அதுன்னு."

காபி போட்டுக் கொடுத்தேன், அது மட்டும் தெரிகிறது எனக்கு.

நவம்பர் 2

ஸ்டாம் வீடு. எண்பத்தாறு வயது, சக்கர நாற்காலி, குரல் மட்டும் அப்படியே. தொண்ணூறுகளின் ஆட்டங்களை ஒவ்வொரு பாஸாகச் சொன்னார். 87இன் முதல் ஆட்டத்தைக் கேட்டேன்.

"ஞாபகம் இல்லப்பா. வயசாச்சு."

பிழைக்கத் தெரிந்த ஞாபகம்.

வாசல்வரை அவர் மனைவி ஆர்லீன் வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "சொன்னாருடா," என்றார். "நான் சமையக்கட்டுல ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தேன். இந்த மனுசன் வாயாலயே கெடப்போறாருன்னு அப்பவே நெனச்சேன். ஆனா கெட்டது அந்தப் பையன்."

"எழுதட்டுமா?"

"எழுது. அவரு தூக்கத்துல அந்தப் பையன் பேரைச் சொல்றாரு. பக்கத்துல படுக்கிறது நானு."

நவம்பர் 4

எழுதி அனுப்பினேன். பிரெண்ட் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நடக்காத சீசனுக்கு அத்தியாயம் கிடையாதாம்.

நவம்பர் 5

எரிச்சல். எரிச்சல். ஃபர்னஸ் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

நவம்பர் 12

மடையன் நான்! சங்கத்தின் பதிவை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 1987-88: வெற்றி பூஜ்யம், தோல்வி நான்கு.

துடைத்தது வெற்றிகளைத்தான். தோல்விகளை விட்டுவிட்டார்கள்! ஜெயித்தது நடக்கவில்லை, தோற்றது மட்டும் நடந்திருக்கிறது. என்ன மூளையடா உங்களுக்கெல்லாம்.

அப்படியென்றால் முதல் ஆட்டமும் நடந்திருக்கிறது. ஆட்டம் மட்டுமா, ஆட்டத்துக்குப் பின் கோச் பேசியதும்தான்.

டிசம்பர் 4

புது அத்தியாயம், தலைப்பு "நான்கு தோல்விகள்". வெற்றி என்ற சொல்லே அதில் வராது. ஆனால் இரண்டாவது தோல்வியன்று ஏன் ஊரே அதிர்ந்துபோனது, அதற்குமுன் எத்தனை வாரம் அந்த அதிர்ச்சி வராமலே இருந்தது என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன்.

பிரெண்ட் முன்னும் பின்னும் புரட்டினார். கோச் சொன்ன வரியில் விரல் நின்றது.

"இது... சொன்னதுக்கு யாராவது சாட்சி?"

"அவரு பொண்டாட்டி."

நீண்ட நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வண்டி நிறுத்துமிடம்தான். "அதிகாரபூர்வ பதிவுல இருக்குறத நான் எப்படி சார் வெட்டுறது?" என்று கையை விரித்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. ஆள் நான் நினைத்த அளவு மோசமில்லை. ஓரளவு மோசம்தான்.

ஜனவரி 19

அச்சானதை டெல்ராயிடம் கொடுத்தேன். வேனுக்குள் உட்கார்ந்தே படித்தான். கண்ணாடியை இறக்கி, "கோட் போடணுமா அன்னிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

பிப்ரவரி 15

இன்று நூற்றாண்டு விழா ஆட்டம்.

இடைவேளையில் பழைய அணிகளை ஒவ்வொன்றாக அழைத்தோம். மைக் என் கையில். வழக்கம் என்னவென்றால் வருடத்தைச் சொல்லி, வெற்றி தோல்விக் கணக்கைச் சொல்ல வேண்டும், அவர்கள் கையசைத்துக்கொண்டு வருவார்கள். எல்லாரும் தொப்பையும் முட்டிவலியுமாக வந்தார்கள்.

"1987-88. வெற்றி இல்லை. தோல்வி நான்கு."

ஒன்பது பேர் நடந்து வந்தார்கள். கடைசியில் டெல்ராய், கோட் இல்லை, வேலைக்குப் போடும் சட்டைதான், மார்புப் பையில் தைத்த பேரோடு. நான் புத்தகத்திலிருந்து முதல் தோல்வியை வாசித்தேன். களிமண் கை. என் கேள்வி. கோச்சின் பதில், வார்த்தை மாறாமல்.

மேல் வரிசையில் யாரோ ஒரு கிழவர் சிரித்துவிட்டார், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. அவருக்கே வெட்கமாகிவிட்டது போலும், எழுந்து நின்றார். அடுத்தவர் நின்றார். மறதி நோய் வரிசை வரிசையாகக் குணமாயிற்று. மாணவர்களுக்கு ஒரு எழவும் தெரியாது, ஆனாலும் கத்த ஆரம்பித்தார்கள்: "பூஜ்யம்! நாலு! பூஜ்யம்! நாலு!"

அடுத்த அணியை அழைக்க மறந்து நின்றேன், எங்கள் அணியின் முள்ளம்பன்றி வேடக்காரன் வந்து முதுகில் தட்டினான்.

ஆர்லீன் கைதட்டினார். பக்கத்தில் ஸ்டாம் தட்டவில்லை. தலையைத் தூக்கி அந்த வெற்றுக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ப் பேசவா என்று நினைத்தேன். போகவில்லை. கோபம் எனக்கும் முழுதாகத் தீரவில்லை.

பிப்ரவரி 16

பிரெண்ட் போன். கோப்பை திரும்பாது, சங்கத்தின் முடிவில் மாற்றமில்லை. தெரிந்ததுதான்.

பிப்ரவரி 24

பனி. டெல்ராய் காபிக்கு வந்தான்.

"ஸ்டாம் வீட்டுல இருந்து போன். ஃபர்னஸ் ஓடலையாம்."

"போனியா?"

"போனேன். அதுக்கு ஒண்ணும் இல்ல, ஜம்முனு ஓடுது. அந்தம்மா பேரனைக் கூப்பிட்டு, கிழவரை நாற்காலியோட பேஸ்மென்ட்டுக்கு இறக்க வெச்சிட்டாங்க. நான் ஸ்க்ரூவைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன். அவரு என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"மன்னிப்புக் கேட்டாரா?"

"அவரா? போய்யா." டெல்ராய் காபிக் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "'அந்தக் கிளாஸ்ல நீ என்னடா செஞ்சே?'ன்னு கேட்டாரு. இத்தனை வருஷத்துல ஒருத்தன் கேட்டதில்ல."

"என்ன சொன்னே?"

"கிண்ணம்னேன். பாதி செஞ்சேன், சுடுறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்கன்னேன். அதுக்கப்புறம்தான் அழுதாரு."

அவனுக்கு இன்னொரு காபி ஊற்றினேன்.

"சர்வீஸ் சார்ஜை விடல, வாங்கிட்டுத்தான் வந்தேன்," என்றான்.