ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

மார்ச் 3, 2025, திங்கள்

என் பாஸ் ஜெயசங்கர் ஹெரானைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பினாங்குப் பாலத்து நெரிசலில் காடியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்தாராம். காலைக் கூட்டத்தில் அவரே பெருமையாகச் சொன்னார். ஹெரான், இணையத்தளம் கட்ட உதவும் புது ஃபிரேம்வொர்க். இதுவரை நாங்கள் செங்கல் செங்கலாக அடுக்கிய தளத்துக்கு இது சுவரையே கொண்டுவந்து நிறுத்திவிடுமாம். அடுத்த வேலை முழுக்க இதில்தான். படித்துப் பழக வேண்டியவன் நான்.

வேலை இது: புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டம் விலைபோய்விட்டது. வாங்கிய வீடமைப்பு நிறுவனம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு மலிவு வீடு கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. வேண்டுமென்றால் இணையத்தில் பதிய வேண்டும். பதியாதவர்களுக்கு வீடு கிடையாது.

திரையில் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஜோசபின் பெரியம்மா இருக்கிற தோட்டம். பீடோங்குக்கு மாறிப் போகும்வரை நானும் அம்மாவும் இருந்த லயம்.

அது என் தோட்டம் என்று ஜெயசங்கரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அப்போ உனக்கு ஈசிலா டேரன்" என்று சிரித்திருப்பார்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு ஹெரானின் முதல் பாடம்.

எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் நன்றாக இருக்கிறது. பழைய முறையில் ஒரு வாரம் இழுக்கும் படிவம் மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒரு எழுத்தை மாற்றினால் திரை உடனே மாறுகிறது. மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இன்றைக்குத்தான் யாரோ எனக்காக முன்பே உட்கார்ந்து யோசித்து வைத்த மாதிரி இருந்தது. பசியாறக்கூட எழுந்திருக்கவில்லை.

வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே பிழைச் செய்தி. 'ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.' எது? எங்கே? சொல்லாது. இதை எழுதியவன் என் சொந்தக்காரனாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள்.

ஹெரானின் வழிகாட்டிப் பக்கத்தில் பாதி காலி. 'விரைவில்' என்று போட்டிருக்கிறது. ஜெயசங்கரிடம் காட்டினேன். "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், நீதான் கண்டுபிடிக்கணும்" என்றார். அவருக்கு எல்லாமே யாராவது கண்டுபிடித்துக் கொடுத்ததுதான்.

மார்ச் 16, ஞாயிறு

கடவுச்சொல் வேண்டாம், தோட்டத்து ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்கிறார் ஜெயசங்கர். மறக்க மாட்டார்கள், ஆனால் நானும் தலையாட்டினேன். ஹெரானில் இதற்குத் தயார் வழி உண்டு. கைப்பேசி எண்ணைத் தட்டினால் போதும், அதற்கு ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட்டு உள்ளே போகலாம். கைப்பேசி எண்தான் ஆள். நான் எழுதியது ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் அதுவே செய்துகொண்டது.

ஒரு வரி! சிவானியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வடிவமைப்புக்காரி, அவளுக்கு இது புரிய வேண்டிய அவசியமில்லை. இருந்தும் காட்டினேன்.

மார்ச் 22, சனி

விடுமுறை. இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான், ஞாயிறு வேலை நாள். மோட்டாரில் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்யலாம் என்று: தளம் அலுவலகத்துப் புதுப் போன்களில் ஓடினால் போதுமா, லயத்துப் போனில் ஓடுமா?

ஓடவில்லை. தேவகி அக்கா போனில் வெறும் வெள்ளைத் திரை. லயத்தின் கடைசி வீடு அவருடையது, மேட்டில் இருக்கிறது, அங்கே மட்டும்தான் லைன் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் எல்லாருக்கும் எல்லாச் செய்தியும் அவர் போனுக்குத்தான். கிளினிக் தேதி, பள்ளிக்கூட அறிவிப்பு, யார் வீட்டுக் கரண்டு பில். நான் எஸ்பிஎம் பரீட்சை எழுதியபோது கொடுத்த நம்பர்கூட அவருடையதுதான். தோட்டத்துத் தபாலாபீஸ் என்று பெரியம்மா கேலி செய்வார்.

"ஒன்னோட அப்ளிகேஷன் என் போன்ல ஓடுனா நாட்டுல எல்லாப் போன்லயும் ஓடும்லா தம்பி" என்றார் தேவகி அக்கா. போனின் கண்ணாடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. டேப் ஒட்டியிருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

சண்டை. எங்கள் லயத்துப் போனில் ஓடவில்லை, தளம் கனமாக இருக்கிறது, பாதியை வெட்ட வேண்டும் என்றேன். ஜெயசங்கர் கேட்டார்: "இப்போ யார்கிட்ட நல்ல போன் இல்ல?"

அலோர் ஸ்டார் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அருளம்பலம் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. கெட்டவர் இல்லை. லயத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர், அவ்வளவுதான். ஆனால் லயத்துக்கு வீடு பதியும் தளம் கட்டும் வேலையை அவர்தான் எடுத்தார்.

நான் வெட்டினேன். சறுக்கும் படங்கள், மிதக்கும் பொத்தான்கள் எல்லாம் போயின. சிவானிக்கு முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 29, சனி

தேவகி அக்கா போனில் இன்று திறந்தது! பெரியம்மா பெயரைப் போட்டு ஒரு தடவை பதிந்து பார்த்தோம். பச்சை டிக். பிறகு அழித்துவிட்டேன். நாட்டில் வேறு எந்தப் புரோகிராமர் இதைச் செய்திருப்பான்?

ஏப்ரல் 7, திங்கள்

நோன்புப் பெருநாள் ராயா முடிந்து முதல் வாரம். தளம் திறந்தாயிற்று. ஒரு கோளாறும் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

தோட்டத்தின் மற்ற லயங்களிலிருந்தும் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் குறைவு. ஜெயசங்கரிடம் சொன்னேன். "உங்க ஆளுங்க கடைசி நாள்லதான் செய்வாங்க" என்றார். உங்க ஆளுங்க. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை? அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே ஒரு பயம். அந்தப் பயம்தான் இன்று முழுக்க அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

பதிவு முடிந்தது. விவரங்களை வீடமைப்பு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டோம். ஜெயசங்கர் எல்லாருக்கும் நாசி கண்டார் வாங்கிக்கொடுத்தார். இனி எல்லா வேலையும் ஹெரான்தானாம்.

சாப்பிட்டேன். இருந்தும் உட்கார முடியவில்லை. எதையோ பூட்டாமல் வந்த மாதிரி.

மே 10, சனி

எழுதவே கை வரவில்லை.

பெரியம்மா வீட்டில் இருந்தேன். தேவகி அக்கா போனோடு ஓடிவந்தார், வீடமைப்பு நிறுவனத்திலிருந்து அழைப்பு என்று. ஸ்பீக்கரில் போட்டார். லயமே சுற்றி நின்றது. அந்தப் பக்கம் ஒரு பெண் மலாயில் பேசினார். பரஞ்சோதி அண்ணனுக்கு வீடு ஒதுக்கியாயிற்று, வாழ்த்துகள், விவரம் சரிபார்க்கத்தான் கூப்பிட்டேன் என்றார். பிறகு அவருடைய பிள்ளைகளின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்.

பரஞ்சோதி அண்ணன் லோரி ஓட்டுபவர். கல்யாணமே செய்யாதவர்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. லயத்தில் உள்ள பிள்ளைகள் எல்லாம். பெரியம்மா மகன் பிரெடியும்.

"எனக்கே தெரியாம எப்படா இத்தனயப் பெத்தேன்?" என்றார் பரஞ்சோதி அண்ணன்.

"பிரெடியும் ஒன்னோடதாண்ணே? ஜோசபினக்கா சொல்லவே இல்லயே!" என்றார் தேவகி அக்கா. பெரியம்மா துடைப்பத்தை ஓங்கினார். லயம் முழுக்க ஒரே சிரிப்பு. அவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாரும் தேவகி அக்கா நம்பரில்தான் பதிந்திருக்கிறார்கள். வேறு எந்த நம்பரில் பதிவார்கள்? ஹெரானுக்கு ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். அடுத்தவர் பதியும்போது புது ஆள் என்று அது நினைக்கவில்லை. பழைய ஆள் திருத்துகிறார் என்று நினைத்தது. பெயரை மாற்றியது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே போனது. ஒவ்வொருவருக்கும் பச்சை டிக் காட்டியது. கடைசியாகப் பதிந்தவர் பெயர் மட்டும் மிச்சம்.

"அக்கா, ஒவ்வொருத்தரும் பதியறப்போ மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சே. 'உங்கள் விண்ணப்பம் புதுப்பிக்கப்பட்டது'ன்னு. நல்ல சேதிதானேன்னு இருந்துட்டேன்."

சிரிப்பு நின்ற பிறகு பெரியம்மா என்னைப் பார்த்தார். "அப்ப என் பேரு எங்கடா?"

மே 11, ஞாயிறு

பதிவில் இருந்த தேவகி அக்கா நம்பரைப் பார்த்தேன். நானே எழுதிய அந்த ஒரு வரியைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மார்ச்சில் தேவகி அக்கா வீட்டில் உட்கார்ந்து தபாலாபீஸ் என்று சிரித்தவன் நான். போன் கனம் தாங்குமா என்று பார்த்தேன். யாருடைய போன் என்று பார்க்கவில்லை.

பழைய பெயர்களை மீட்க முடியாது. மாற்றங்களைச் சேமித்து வைக்கும் வசதி ஹெரானில் உண்டு. சர்வர் வாடகை ஏறும் என்று ஜெயசங்கர் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார். நான் நிறுத்தினேன்.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன் எல்லாரும் ஒரே நம்பரைக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நடித்திருந்தால் திட்டியிருக்கலாம்.

மே 13, செவ்வாய்

ஹெரானை உருவாக்கிய நார்வேக்காரர்களுக்கு எழுதினேன். சில மணி நேரத்தில் பதில். மிக மரியாதையாக. தங்களுக்குத் தோன்றாத, அபூர்வமாக நேரும், சுவாரசியமான ஒரு விளிம்புநிலை என்கிறார்கள். அடுத்த வெளியீட்டில் எச்சரிக்கை ஒன்று சேர்ப்பார்களாம். நன்றியும் சொன்னார்கள்.

சுவாரசியம். லயமே நடுத்தெருவில் நிற்கிறது, அது விளிம்பு.

கோபம் யார் மேல்? நார்வேயில் உட்கார்ந்திருப்பவன் தேவகி அக்காவை எப்படி அறிவான்? அறிந்தவன் நான்.

மே 17, சனி

தோட்டத்தில் பரஞ்சோதி அண்ணனோடு யாரும் பேசுவதில்லை. மேலிடத்தில் யாருக்கோ ஏதோ கொடுத்து வாங்கிவிட்டார் என்று பேச்சு. ஹெரான் பற்றி நான் வீடு வீடாகப் போய் விளக்கினேன். எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, அவனுக்கு மட்டும் எப்படிக் கெடச்சிச்சி?" என்றார்கள்.

அண்ணன் லோரிக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

மே 20, செவ்வாய்

வீடமைப்பு நிறுவனத்துக்குப் போனேன். போனில் பேசிய அதே பெண். பெயர் உமாராணி. நேரில் தமிழில் பேசினார், நல்லவிதமாகவே. கோளாறு தளத்தில்தான் என்று எங்கள் நிறுவனம் முத்திரை வைத்துக் கடிதம் கொடுத்தால் பதிவை மறுபடி திறக்க மேலே பேசிவிடுவாராம். 29ஆம் தேதிக்குள். அதன் பிறகு மிச்ச வீடுகளைப் பொதுவில் விற்றுவிடுவார்கள்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன் தம்பி. என் மேனேஜர் பேப்பரத்தான் நம்புவாரு."

ஒரு கடிதம். அவ்வளவுதான் வேண்டும்.

மே 21, புதன்

கடிதத்தை நானே எழுதி ஜெயசங்கர் மேசையில் வைத்தேன். கோளாறு என்னுடையது, டேரன் என்பவனுடையது என்றே எழுதியிருந்தேன். படித்தார். "முத்திரை உன்னோடது இல்ல டேரன், என்னோடது" என்றார். இது வெளியே போனால் அடுத்த வேலை ஒன்றும் வராது, சிவானி எங்கே போவாள், நீ எங்கே போவாய் என்று கேட்டார். வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

பொய் இல்லை அவர் சொன்னது. எங்கள் நிறுவனம் சின்னது. விழும். ஆனா விழுந்தா அவர் அலோர் ஸ்டாருக்குப் போவாரு, அங்க அப்பா வீடு இருக்கு. பெரியம்மா எங்க போவாங்க? சொல்லுங்க பாஸ், எங்க போவாங்க?

இதை அவரிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மே 25, ஞாயிறு

வக்கீல் இன்னும் பதில் சொல்லவில்லையாம்.

மே 27, செவ்வாய்

காலையில் என் அலுவலகக் கணக்கு திறக்கவில்லை. கொஞ்ச நாள் விடுப்பில் இருக்கச் சொல்லி ஜெயசங்கரிடமிருந்து செய்தி. சிவானி கூப்பிட்டு அழுதாள். அவளிடம் என்ன சொல்ல? அழாதே, ஹெரானில் நல்ல வேலை செய்திருக்கிறாய் என்றேன். அதுவும் உண்மைதான்.

மே 29, வியாழன்

இன்றுதான் கடைசி நாள். பரஞ்சோதி அண்ணன் லோரியில் லயத்து ஆட்களையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, வேறு வண்டியும் இல்லை. சுங்கை பட்டாணி கடைவீதியில் எங்கள் அலுவலகம் மாடியில். படிக்கட்டு முழுக்க நின்றார்கள். சிவானி கதவைத் திறந்துவிட்டாள்.

ஜெயசங்கர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கடிதம் முத்திரை இல்லாமல் அவர் மேசையில் அப்படியே இருந்தது. நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று நாலு மணிக்குள் உமாராணி கையில் கொடுக்க வேண்டும் என்றேன். "அவசரப்பட்டு எழுதிக் கொடுக்க முடியாதும்மா" என்று அவர் பொதுவாக, எல்லாருக்கும் சொல்வது போல் சொன்னார்.

பெரியம்மா கூட்டத்தை விலக்கினார். முன்னால் போய் மேசையில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டார்.

"நீங்க எழுத வேணாம் சார். வீட்டு லிஸ்ட்ல என் பேர நானே எழுதுறேன். எங்க எழுதணும்னு மட்டும் காட்டுங்க."

ஜெயசங்கர் என்னைப் பார்த்தார்.

"அவனப் பாக்காதீங்க சார். என்னப் பாத்துச் சொல்லுங்க. எங்க எழுதணும்?"