நீலம் என்று எழுதியது

துலோன், பிரான்ஸ்
4-2-1979

அன்புள்ள அன்னம்,

எந்த முகத்தோடு உன்னை நலமா என்று கேட்பேன்? ஊரைவிட்டு வந்து ஐந்து வருஷம். ஒரு வரிகூட எழுதவில்லை. நீ இன்னும் நம் பிரசவ வார்டில்தான் இருக்கிறாய் என்று அம்மா எழுதியிருந்தாள். அந்தத் தைரியத்தில் வார்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

என் கஸ்தோனுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை. நான் இங்கும் பிரசவ ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். மேல்படிப்புக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம், பிள்ளை பிறந்தபின் அந்தச் சர்க்கரை என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். உடனே எனக்கு நம் வார்டு ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. 70 முதல் 73 வரை அதில் சர்க்கரை என்று பதிந்த பெண்களைத் தேடிப்போய், இப்போது ஒருமுறை சோதித்து எழுதுவாயா?

சிறுநீரை மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் டெஸ்ட் டியூபைக் காட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே! மருந்து நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் நிறைய. "நீலம்டி!" என்று நீ போடும் சத்தத்தில் தூங்குகிற பிள்ளைகளெல்லாம் எழுந்துவிடும். இங்கே காகிதத் துண்டை நனைத்தால் நிறம் வந்துவிடுகிறது. கத்துவதற்குத்தான் யாரும் இல்லை. டியூட்டி முடிந்து அரசலாற்றுப் பாலத்தில் நின்று வேர்க்கடலை தின்ற நாளெல்லாம் கண்ணிலேயே நிற்கிறது.

உன் ழுலியேத்


காரைக்கால்
18-4-1979

அடி ழுலி,

ஆராய்ச்சிக்காகவாவது என்னை நினைத்தாயே! நன்றாகத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அது கிடக்கட்டும்.

ரெஜிஸ்டரில் பதினொரு பேர். லீவு நாளிலெல்லாம் பஸ் ஏறினேன். நம் புத்தி போன போக்கைக் கேள். முதல் பிரசவத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாய்வீட்டு விலாசத்தையே எழுதி வைத்திருக்கிறோம்! குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாசம் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. குரும்பகரத்தில் மாரிக்கண்ணு என்று ஓர் அம்மாள். மகள் எங்கே என்று கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "புள்ள பொறந்து ஏழு வருஷம் கழிச்சு ஒன்னுக்கு கேட்டு வர்றீங்களே, இது என்னங்க கூத்து!" பிறகு மோர் கொடுத்து, மகள் அல்லி நெரவியில் இருக்கிறாள் என்று வழி சொன்னார்.

அல்லியைப் பிடித்தேன். டியூபில் செங்கல் நிறம். "அந்தச் சக்கரையெல்லாம் புள்ளையோடயே போயிடுச்சுன்னுல்லக்கா நெனச்சேன்" என்றாள். அப்படி நினைக்க வைத்தது நாம்தான். பிரசவமானதும் ஒருமுறை நீலம் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினோம். அப்புறம் யாரும் அவளைச் சோதிக்கவில்லை.

ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன். நாலு பேருக்கு இப்போதும் சர்க்கரை இருக்கிறது. விவரம் தனித் தாளில்.

பன்னிரண்டாவதாக ஒருத்தி இருக்கிறாள், ழுலி. ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே நீலம் என்று இருக்கும். அது பொய். எழுதியவள் நான். அந்தப் பன்னிரண்டாவது ஆள் நீதான். நீயும் சோதித்து எழுது.

அன்னம்


துலோன்
20-5-1979

அன்னம்,

பட்டியல் கிடைத்தது. நன்றி. ஆராய்ச்சி செய்பவள் அதற்குள் வரமாட்டாள். என்னை விட்டுவிடு.

உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு நாலு மாசம். முப்பத்து நாலு வயசில் இது என்னவோ என்று அம்மாவுக்குக்கூட எழுதவில்லை. மாசாமாசம் சிறுநீர் பார்க்கிறார்கள், ஒன்றும் இல்லை. முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். இறந்து பிறந்தது, காரணம் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். மறுபடி அதைக் கிளறாதே.

ழுலியேத்


காரைக்கால்
2-6-1979

ழுலி,

கிளறத்தான் போகிறேன். கோபித்துக்கொள்.

உன் வளைகாப்புக்கு மறுநாள், ஏழாம் மாசம். உன் டியூபை விளக்கில் காட்டியவள் நான். செங்கல் நிறம். நீ சிரித்தாய். "நேத்து அதிரசம் ரெண்டு கூடத் தின்னுட்டேன்டி, அதான். நர்சுக்கே சக்கரைன்னு வார்டே சிரிக்கும். நீலம்னு போடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்." நான் போட்டேன். அடுத்த வாரம் நீ வரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பதாம் மாசம் அந்தக் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றியதும் நான்தான். சர்க்கரையில் பெருத்த நாலரைக் கிலோ. கஸ்தோனின் மூக்கு. நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லாமலே விமானம் ஏறிவிட்டாய்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். நீ மன்னிக்காவிட்டாலும் போகட்டும். அங்கே பார்க்கிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. தெரிந்தால்தான் ரத்தத்தில் சோதிப்பார்கள். இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாதுடி.

அன்னபூரணி


துலோன்
9-7-1979

என் அன்னம்,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தேன். போன செவ்வாய்க்கிழமை, கூட வேலை பார்க்கும் ஷந்தாலிடம் சொல்லிவிட்டேன். முதல் பிள்ளையின்போது எனக்குச் சர்க்கரை இருந்தது, தெரிந்தே மறைத்தேன் என்று. மறுநாள் காலை வரச் சொன்னாள். வெறும் வயிற்றில் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்து, மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தாள். ஏறித்தான் இருக்கிறது. இப்போது தினமும் இன்சுலின், நிறுத்துப் போட்ட ரொட்டி. நல்ல சமயத்தில் சொன்னேன் என்கிறார் டாக்டர். பிள்ளை நன்றாக உதைக்கிறது.

பிரசவத்தோடு விட்டுவிடக் கூடாது, வருஷா வருஷம் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்று கட்டுரையில் எழுதிவிட்டேன். விலாசம் எழுதும்போது புருஷன் வீட்டையும் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். இங்கே யாருக்கும் அது புரியவில்லை. பட்டியலின் பன்னிரண்டாவது வரியில் நான் இருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறாயே, அன்னம்! எழுதச் சொன்னவள் நான். நான் சொன்னதை நீ ஏன் கேட்டாய், ஏன் என்னை ஓங்கி ஒரு அறை விடவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் உன்மேல் கோபம். வேறு யார் எழுதியிருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ரெஜிஸ்டரை எடு. என் பெயருக்கு நேரே இருக்கும் நீலத்தை அடித்துவிட்டு, செங்கல் நிறம் என்று எழுது. திருத்தியதற்குக் கையெழுத்துப் போட வேண்டுமே, நீ தனியாகப் போடாதே. கீழே இருப்பதைக் கத்தரித்து, உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடு.

ழுலியேத்