பதினோராவது வீட்டுப் பாட்டு

அப்பா,

நேற்று நம் வீட்டுக்கு மேலே நின்ற சில்வர் ஓக் மரத்தை வெட்டினார்கள். காப்பிக்கு நிழல் அதிகமாகிவிட்டதாம். சாய்த்த மரத்தைத் துண்டுபோடும்போது பாதியில் ரம்பம் கரகரத்து நின்றுவிட்டது. வெட்டிக்கொண்டிருந்த குப்பனூர்க்காரர் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, மரத்துக்குள்ள ஒயர் ஓடுதுங்க. உங்கப்பா கட்டுனதுங்களா?"

நீங்கள் கட்டியதுதான். கறுப்புக் கேபிள். இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க நீங்கள் சுற்றிய பால் கவர்கூட அப்படியே இருந்தது. ஊரில் எல்லாக் கேபிளையும் கழற்றி எடுத்துப்போனபோது இந்த ஒரு முழம் மட்டும் தப்பியிருக்கிறது. மரம் அதன்மேல் பட்டையை வளர்த்து மூடி, தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

"ஆமாங்க" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு எப்போது வந்திருக்கிறது?

மேலே ஒண்டிக்கடை என்ற முக்கில் இருந்த கேபிள் டிவி அறையிலிருந்து நம் சரிவுக்கு லைன் இழுக்க உங்கள் முதலாளிக்கு விருப்பமே இல்லை. கீழே மொத்தம் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டுக்கு எவன் ஒயர் இழுப்பான் என்று கேட்டார். நீங்கள் இழுத்தீர்கள். மற்ற வேலைகளில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில், மிளகுக்கொடி படர்ந்த மரங்களில் ஒவ்வொன்றாக ஏறி. அத்தனை ஒட்டு இருந்ததால் அத்தனை பழுதும் வரும். குரங்கு தொங்கினால் போகும், கிளை விழுந்தால் போகும், மூடுபனியில் ஈரம் இறங்கினாலும் போகும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் மீட்டர் முதலாளியிடம் ஒன்றுதான் இருந்தது. அதை அவர் பூட்டி வைத்திருந்தார். உங்களுக்கு அது தேவைப்படவில்லை. மாலை ஐந்தரைக்கு அந்த ஜப்பானியக் கார்ட்டூன் வரும். கதையைத் தமிழில் பேசவைத்தவர்கள், தொடக்கப் பாட்டை மட்டும் ஏனோ அப்படியே ஜப்பானிய மொழியில் விட்டுவிட்டார்கள். முதலில் மேளம், பிறகு ஒரு பெண்ணின் குரல் படியேறுவதுபோல மேலே மேலே போகும். எங்களில் யாருக்கும் பொருள் தெரியாது. ஆனால் ஓர் எழுத்து பிசகாமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தொண்டை கிழியப் பாடுவார்கள். காப்பிப் பழம் பறிக்கும் அக்காக்கள்கூட அதை முணுமுணுத்தபடி கூடை தூக்கிப் போவார்கள்.

பழுது வந்த நாட்களில் நீங்கள் ஐந்தரைக்குச் சரிவின் நடுவில் போய் நின்றுகொள்வீர்கள். மேலிருந்து வரிசையாகக் காது கொடுப்பீர்கள். ஆறாவது வீடு பாடி, ஏழாவது வீடு பாடாவிட்டால் பழுது அந்த இரண்டுக்கும் நடுவில். நேரே அங்கே போய் மரம் ஏறுவீர்கள். மீட்டர் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாய் என்று முதலாளி கேட்டதற்கு, "பதினோரு ஊட்டுப் புள்ளைங்க இருக்குதுங்க, மீட்டரு எதுக்குங்க" என்றீர்களாம். அம்மா அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

உண்மையில் பாடியது பத்து வீடுதான். பதினோராவது வீடு நம்முடையது. நான் பாடமாட்டேன். பாட்டு முழுவதும் எனக்குள்ளே ஓடும், உதடு மட்டும் பிரியாது. நீங்கள் என்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. நம் வீட்டில் படம் வருகிறதா என்பதை மட்டும் நேரே வந்து, திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்.

அந்தக் கார்ட்டூனின் கடைசிப் பகுதி வரவிருந்த வாரத்தில் காற்றும் மழையும் அடித்து லைன் மூன்று இடங்களில் அறுந்தது. காலையிலேயே பிள்ளைகள் நம் வாசலில் கூடிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பத்தாவது வீட்டுச் செல்வி போகிற போக்கில் என்னிடம், "உங்கப்பா ஒயர் இழுக்குறாரா, துணி காயப்போடக் கொடி கட்டுறாரா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாயங்காலம் படம் வந்தே ஆகவேண்டும் என்று மட்டும் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. ஐந்தரைக்கு மேளம் முழங்கியது. வெளியே கைநீட்டினால் கை தெரியாத பனி. மேலிருந்து ஒவ்வொரு வீடாகப் பாடத் தொடங்கி, செல்வியின் கத்தலில் வந்து முடிந்தது. என் அப்பா சொன்னதைச் செய்துவிட்டார் என்று நெஞ்சு விம்ம, நான் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு முடிந்து கதை தொடங்கியதும் திரை புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. மற்ற வீடுகளில் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. முற்றத்துக்கு ஓடினேன். தலைக்கு மேலே, பனிக்குள், சில்வர் ஓக் இலைகள் உரசும் சத்தம். பத்து வீடு பாடியது உங்களுக்குக் கேட்டிருக்கிறது. பதினோராவது பாடவில்லை. அன்றைக்கு வந்து பார்க்க நேரமில்லை. கடைசிப் பகுதி எனக்குத் தவறிவிடக் கூடாதென்று, வழுக்கும் மரத்தில் திரும்ப ஏறி, சரியாக இருந்த இணைப்பைப் பழுதென்று நினைத்து வெட்டிவிட்டீர்கள்.

"அப்பா, வந்துருச்சுங்கப்பா" என்றேன்.

"எப்ப?"

"அப்பவே."

பனிக்குள்ளிருந்து உங்கள் குரல் மட்டும் இறங்கி வந்தது. "வந்துருச்சுன்னா சொல்லோணுமில்ல சாமி. மரத்து மேல நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

அதில் கோபம் துளியும் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. நீங்கள் மறுபடி இணைத்தீர்கள். "தெரியுது" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். பாட்டு வரும் நேரம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் நான் முற்றத்தில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பனியைப் பார்த்துப் பாடினேன். மேலே நீங்கள் சிரித்தது கேட்டது.

மறுநாள் செல்வி, "ஏய், உனக்கு வாயெல்லாம் இருக்குதா?" என்றாள். "கொடியில படம் தெரிஞ்சுதா?" என்று திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்துதான் நாங்கள் சிநேகிதிகள்.

கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பாட்டின் பொருளைத் தேடிப் படித்தேன். நாங்கள் நினைத்ததுபோல அது வீரப்பாட்டே இல்லை. மழை விட்டுவிட்டது, வெளியே வா என்று ஒருத்தி தன் தோழியைக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். கேபிள் தொழில் நின்றுபோய், நீங்கள் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டத் தொடங்கியிருந்த காலம். "அப்படிங்களா" என்று பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலச் சொல்லிவிட்டு, "கூப்பிட்டதுக்கு நீதான் நொம்ப நாளு வரல கண்ணு" என்றீர்கள்.

போன கார்த்திகையில், சேலத்து ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நான்கு நாட்கள் இருந்தேன். போர்வையைச் சரிசெய்தேன், கஞ்சி ஊட்டினேன். நடுவில் ஒருமுறை நீங்கள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தீர்கள், எதற்கோ காது கொடுத்திருப்பவர்போல. வீட்டுக்குப் போனபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நீங்கள் வீட்டுக்குத் திரும்பவேயில்லை.

குப்பனூர்க்காரர் அந்தக் கேபிள் ஓடும் இடத்தை ஒரு வட்டமாக அறுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கேபிள் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இனி நான் எந்த ஊரில் இருந்தாலும் அது என் மேசைமேல் இருக்கும். என் அப்பா யாரும் இழுக்காத இடத்துக்கு லைன் இழுத்தவர் என்று, பார்ப்பவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நேற்று ஐந்தரைக்கு, மரம் இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிய, முற்றத்தில் நின்று பாடினேன். சத்தமாக. ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் பத்தாவது வீட்டிலிருந்து செல்வியும் சேர்ந்துகொண்டாள். அவள் மகள் என்ன பாஷை அது என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

உங்களுக்குக் கேட்டதோ என்னவோ. அதனால் எழுதியும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இழுத்தது எல்லாம் கடைசி வீடு வரைக்கும் வந்துருச்சுங்கப்பா.

அப்பவே வந்துருச்சு.