விருதை ரத்து செய்து உதவியாளரை மீண்டும் அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
நகரப் பேருந்து நடத்துநர் (தற்சமயம் வீட்டோடு),
பின்பக்க ஒற்றை அறை வீடு.

பெறுநர்:
உயர்திரு வட்டார சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: 'சிறந்த குடும்பப் பராமரிப்பாளர்' விருதை ரத்து செய்து, புதன்கிழமை உதவியாளரை மறுபடி அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் அனுப்பிய விருது வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்ட சட்டம், பார்க்க லட்சணமாக இருக்கிறது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. நான் ஒருவனாகவே நன்றாகச் சமாளிப்பதால், வாரம் இரண்டு மணி நேரம் வந்துகொண்டிருந்த உதவியாளர் அம்மாள் இனி 'தேவைப்படுவோர்' வீட்டுக்குச் செல்வாராம்.

2. என் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் வராது. பேச்சு உண்டு. காது பாம்புக் காது. தொற்று என்று பேருந்தை நிறுத்திய நாளிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். உறவினர் எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது தங்கள் உத்தரவு. எங்கள் உறவினர்கள் அதை உயிரைக் கொடுத்துக் கடைப்பிடிக்கிறார்கள்.

3. புதன்கிழமை அந்த அம்மாள் வந்ததும் நான் டிப்போவுக்கு ஓடுவேன். சும்மா நிற்கும் என் வண்டியின் கடைசி சீட்டில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்குவேன். வாரத்தில் எனக்கு இருந்த சொகுசு அதுதான்.

4. தவறு என்னுடையதே. வாராவாரம் தங்கள் அலுவலகப் பெண் போனில் நலம் விசாரிப்பார். "ரொம்ப சிரமமா இருக்கா அண்ணே? மறைக்காம சொல்லுங்க" என்பார். என் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கும். இரண்டடி தள்ளி அப்பா கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ஜாலியா இருக்கோம்" என்பேன். பதினோரு வாரம் இதையே சொன்னேன். பெற்றவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்னத்தைச் சொல்வது ஐயா? தங்கள் அலுவலகம் அதை அப்படியே எழுதிக்கொண்டது.

5. விருதை அப்பா நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, "நான் உனக்கு பாரமே இல்லடா, கவர்மெண்டே சொல்லிடுச்சு பாரு!" என்றார். அன்று நாலு வாய் கூடச் சாப்பிட்டார்.

6. நேற்று ஊட்டிய சோற்றைத் துப்பினார். நான் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவர் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் டிக்கெட் எடுக்காத குடிகாரன் மேல்கூட ஓங்காத கை ஐயா இது. எனக்கு என்னை நினைத்தே பயமாக இருக்கிறது.

ஆகவே, என் பெயரை விருதுப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அந்த அம்மாளை வரும் புதன்கிழமையே அனுப்பிவைக்குமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்டதாக அப்பாவிடம் அவர் வாய் தவறியும் சொல்ல வேண்டாம். விருதோடு சேர்ந்த சலுகை என்று சொன்னால் போதும். சட்டத்தை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். அதை அப்பா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார், தரமாட்டார்.

இடம்: வீட்டுக் குளியலறை
தேதி: 14, வியாழன்

தங்கள் பதிலுக்காக அல்ல, ஆளுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நடத்துநர்